வரப்பு இருக்கட்டும், பேச்சு நிற்க வேண்டாம்!

(ஜூலை 5 உழவர் தினக் கூட்டத்தில் நம் வட்டாரச் சங்கப் பொருளாளர் பேசியது. டிரான்ஸ்பார்மர் கேட்டு நடக்கவிருக்கும் காத்திருப்புப் போராட்டத்தை ஒட்டி, கூட்டத்துக்கு வர முடியாத விவசாயிகளுக்காக அச்சிட்டு வழங்கப்படுகிறது.)

பச்சைத் துண்டு போட்டு முன்னால் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, தம்பிமார்களே! பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு அவசரமாக ஓடிவந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய தலைவரும் செயலாளரும் கோரிக்கைகளை வரிசையாகச் சொல்லிவிட்டார்கள். எரிந்துபோன டிரான்ஸ்பார்மரை உடனே மாற்றித் தர வேண்டும், பகல் நேரத்தில் மும்முனை மின்சாரம் தர வேண்டும், டிரான்ஸ்பார்மரை ஏற்றி இறக்க விவசாயியிடம் வண்டி வாடகை கேட்கக் கூடாது. எல்லாம் நியாயம். அதையே நானும் திருப்பிச் சொன்னால் உங்களுக்குக் கொட்டாவி வரும். நான் பொருளாளர், நோட்டைப் பார்க்கிற ஆள். நோட்டில் இருக்கிறதைச் சொல்றேன், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க.

நம்ம பதிவேட்டில் முந்நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறோம். போன வருஷம் சந்தா கட்டியவர்கள் அதில் பாதிகூட இல்லை. சந்தா என்ன பெரிய தொகையா? ரெண்டு டீ, ஒரு வடை காசு. காசு இல்லாததால் கட்டாமல் இருக்கவில்லை. இவன் இருக்கிற சங்கத்தில் நான் எதுக்கு இருக்கணும் என்று ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறோம். ஒருத்தருக்கு வரப்புத் தகராறு. ஒருத்தருக்குத் தடத்தில் வேலி போட்ட தகராறு. இன்னொருத்தருக்குப் பஞ்சாயத்துத் தேர்தலில் ஓட்டுப் போடாத கோபம். நான் வீடு வீடாகப் போய்க் கேட்ட காரணங்கள்தான் இவை. யார் பேரும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.

இப்ப இந்த எரிஞ்சுபோன டிரான்ஸ்பார்மர் கதைக்கு வரேன். அது 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். அதில் நம்ம ஆளுங்க 14 பேருக்கு சர்வீஸ் இருக்கிறது. சர்வீஸ் வாங்கும்போது எழுதிக் கொடுத்தது அஞ்சு ஹெச்.பி. மோட்டார். அப்ப கிணறு அறுபது எழுபது அடி, அஞ்சு ஹெச்.பி. போதும். அப்புறம் கிணறு வத்திச்சு, போர் போட்டோம். முந்நூறு அடி, ஐந்நூறு அடி, எண்ணூறு அடி. ஆழம் போகப்போக மோட்டாரும் பெருசாகி ஏழரை, பத்து, பன்னெண்டரை என்று ஏறியது. எழுதிக் கொடுத்த அஞ்சு மட்டும் அப்படியே அஞ்சாக ஆபீஸ் நோட்டில் இருக்கிறது. எல்லார்கிட்டயும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வேறு. ராத்திரி மும்முனை கரண்ட் வந்த அந்த நிமிஷம் பதினாலு மோட்டாரும் ஒண்ணா எடுக்கும். பாவம், அது இரும்பும் செம்பும் எண்ணெயும்தானே, எத்தனை நாளைக்குத் தாங்கும்?

நான் ஆபீஸ்காரர்களுக்குச் சப்பைக்கட்டு கட்ட வரவில்லை. நிலத்தடி நீர் கீழே போவது ஊருக்கே தெரிந்த விஷயம். அதற்குத் தகுந்தபடி லோடு கணக்கெடுத்துப் பெரிய டிரான்ஸ்பார்மர் வைப்பது அவர்கள் வேலை. எரிந்து ஒரு மாசம் ஆகியும் மாற்றாதது அவர்கள் தப்பு. வண்டி வாடகை கேட்டது அதைவிடப் பெரிய தப்பு. அதைக் கேட்கத்தான் போராட்டம். ஆனால் நானும் செயலாளரும் மனுக் கொடுக்கப் போன அன்றைக்கு என்ன நடந்தது தெரியுங்களா? அங்கே இருந்த அதிகாரி மேசை டிராயரைத் திறந்து ஒரு கடுதாசியை எடுத்துப் போட்டார். மொட்டைக் கடுதாசி. இன்னார் தோட்டத்தில் பத்து ஹெச்.பி., இன்னார் தோட்டத்தில் ஏழரை, இன்னார் கம்ப்ரசர் ஓட்டுகிறார் என்று வரிசையாக எழுதியிருந்தது. அந்த விவரமெல்லாம் வெளியாளுக்குத் தெரியாது. நம்ம பதினாலு பேரில் ஒருத்தர்தான் எழுதியிருக்கணும். "முதல்ல உங்களுக்குள்ள பேசி முடிச்சிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். எங்க ரெண்டு பேருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. படியிறங்கி வந்துவிட்டோம்.

அந்தக் கடுதாசியில் என் பேரும் இருந்தது. நான் ஓட்டுவது ஏழரை. இல்லை என்று சொல்ல முடியாது.

ஐம்பது வருஷம் சங்கத்தில் இருந்தவன் நான். துப்பாக்கியைப் பார்த்திருக்கிறோம், தடியடியைப் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒரு காகிதத்தைக் காட்டி நம்மை வெளியே அனுப்பியது அன்றைக்குத்தான். அதனால் பழசைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்றைக்கு ஏன் ஜூலை 5? இளவட்டப் பசங்களுக்காகச் சொல்றேன். அப்போது பம்புசெட்டுக்கு யூனிட் கணக்கில் காசு கட்டினோம். 1970-ல் கட்டணத்தை உயர்த்தினார்கள். உயர்வு பைசாக் கணக்குத்தான். ஆனால் பருத்திக்கும் கரும்புக்கும் கிடைத்த விலையில் அந்தப் பைசாவே பாரம். 1970 ஜூன் 19-ம் தேதி பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972-ல் மறுபடி உயர்வு. வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு அவர்கள் தலைமையில் மாட்டு வண்டிகளைப் பூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்குள் நுழைந்தோம். நகரத்து ரோடெல்லாம் வண்டி. பஸ் நகர வழியில்லை. பிறகு ஜூலை 5 அன்று மாநிலம் முழுவதும் நடந்த போராட்டத்தில் பல இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்து 15 விவசாயிகள் உயிரை விட்டார்கள். அந்த நாளைத்தான் உழவர் தினம் என்று ஒவ்வொரு வருஷமும் கும்பிடுகிறோம்.

அந்த வண்டிப் போராட்டத்துக்கு நான் போனேன். எனக்கு அப்போ இருபது வயசு. எங்க வீட்டுச் சோடியில் ஒரு மாட்டுக்குக் கால் வீங்கியிருந்தது. அடுத்த தோட்டத்துக்காரர் வீட்டில் வண்டிக்கு அச்சு முறிந்து கிடந்தது. எங்க அய்யன் அவங்க அய்யனிடம் போய், "உன் மாட்டுல ஒண்ணு குடு, என் மாட்டுல ஒண்ணு பூட்டறேன், வண்டி என்னுது" என்றார். பழகாத மாடு ரெண்டும் ஒரே நுகத்தில் ஒத்துப் போகாது என்று எங்க அம்மாவுக்குப் பயம். கொஞ்ச தூரம் இழுபறியாகத்தான் போனது, அப்புறம் சரியாகிவிட்டது. வண்டியில் நானும் அந்த வீட்டுப் பையனும். என்னைவிட ரெண்டு வயசு மூத்தவர், நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் இருந்த பெண்கள் ரெண்டு தோட்டத்துக்கும் சேர்த்துத் தண்ணீர் கட்டினார்கள். எங்க அம்மா அவங்க மாட்டுக்கும் தவிடு காட்டினாங்க. இதெல்லாம் எந்தத் தீர்மானத்திலும் எழுதவில்லை. யாரும் மைக்கில் சொல்லவும் இல்லை. அப்போ சங்கம் என்றால் அப்படித்தான் இருந்தது.

எங்களோடு இன்னொருத்தரும் வந்தார். எங்க தோட்டத்தில் கவலை இறைத்துக்கொண்டிருந்தவர், காலனிக்காரர். ஜெயிலில் பன்னிரண்டு நாள் நாங்க மூணு பேரும் ஒரே பாயில் படுத்தோம், ஒரே தட்டத்தில் களி தின்றோம். வெளியே வந்து ஊர் எல்லையில் வண்டியை விட்டு இறங்கினோம். நாங்க ரெண்டு பேரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் கடைக்கு வெளியே நின்று சிரட்டையில் வாங்கிக் குடித்தார். நான் ஒண்ணும் சொல்லவில்லை. அந்த வயசில் அது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. இதைப் பற்றி அப்புறம் இன்னும் ஒரு வார்த்தை சொல்ல இருக்கிறது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1984-ல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. அந்த வருஷ டிசம்பரில் நாயுடு அவர்கள் காலமானார். 1990-ல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் என்று ஆனது. செத்தவர்களுக்கு நாம் செலுத்திய கடன் அது, சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நாம் ஒருத்தரை ஒருத்தர் தேடிப் போவது நின்றுவிட்டது. பில் கட்டுகிற காலத்தில் மாசம் ஒரு தரமாவது கூடுவோம். கட்டாமல் விட்டு ஃபியூஸைப் பிடுங்க வந்தால் ஊரே கூடும். கூட்டுக் கிணறு இருந்தது, முறைத் தண்ணி இருந்தது. மூணு நாள் உனக்கு, மூணு நாள் எனக்கு என்று, சண்டை போடவாவது பேசித்தான் ஆக வேண்டும். இலவச மின்சாரமும் போர்வெல்லும் சேர்ந்து வந்த பிறகு ஆளுக்கொரு குழாய், ஆளுக்கொரு மோட்டார் என்றாகிப் பேச வேண்டிய தேவையே போய்விட்டது. ஒரே சங்கமாக இருந்ததும் பல சங்கங்களாகப் பிரிந்தது. இன்றைக்கு ஒரே ஊரில் மூணு பலகை தொங்குகிறது, மூணுக்கும் அதே பச்சைத் துண்டு. மேலே இருக்கிற தலைவர்கள் பிரிந்ததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அதைப் பேச எனக்குத் தகுதி இல்லை. கீழே நாம் பிரிந்தது நம்முடைய சொந்தப் புண்ணியம்.

எனக்கும் அந்த அண்ணனுக்கும் ஒரே கிணறு. எங்க அய்யன் காலத்தில் பாதிப்பாதி காசு போட்டு வெட்டியது. 1993-ல் நான் என் பூமியில் போர் போட்டேன். போட்ட இடம் கிணற்றிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. எனக்கு மூணு இஞ்சுத் தண்ணி வந்தது. கிணறு ஆறே மாசத்தில் தரை தட்டியது. அவர் வந்து கேட்டார். "ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்லிருந்தா அந்தப் பக்கமாப் போட்டிருக்கலாமே?" அவ்வளவுதான் கேட்டார். நான், "என் பூமியில நான் போடறதுக்கு உங்களைக் கேக்கணுமா?" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. சங்கக் கூட்டத்தில் அவர் இந்த ஓரம், நான் அந்த ஓரம். அப்புறம் நான் கூட்டத்துக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

2003-ல் பெரிய வறட்சி. தென்னை மரமெல்லாம் குருத்துக் காய்ந்து நின்ற வருஷம், ஞாபகம் இருக்கும். அவர் வாங்கியிருந்த கடனுக்கு ஜப்தி செய்ய ஜீப் வந்தது. செயலாளர் பையனை அனுப்பி எல்லாருக்கும் தகவல் சொன்னார். எனக்கும் சொன்னார். நான், "மஞ்சக் காட்டுல ஆள் விட்டிருக்கேன், வர முடியாது" என்று சொல்லி அனுப்பினேன். அந்த வறட்சியில் எங்கே மஞ்சள், எங்கே ஆள்? நான் வேப்பமரத்து அடியில் கயித்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஜீப் போவது தெரிந்தது. சங்கத்து ஆட்கள் ஓடுவது தெரிந்தது. சத்தம் கேட்டது. நாற்பது பேர் போய் ஜீப்பை மறித்து, மோட்டாரைக் கழற்ற விடாமல் திருப்பி அனுப்பினார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரன் நான் ஒருத்தன்தான் போகவில்லை. அவர் பார்த்திருப்பார். நான் இருந்த இடத்திலிருந்து அவர் களம் தெரியும், அங்கிருந்து என் கட்டிலும் தெரியும்.

2005-ல் அவர் போய்விட்டார். மாரடைப்பு. அடுத்த வருஷம், 2006-ல், கூட்டுறவுக் கடன் தள்ளுபடி வந்தது. அவர் கடனும் அதில் தீர்ந்தது, பார்க்க அவர் இல்லை. எழவுக்குப் போனேன், ஓரமாக நின்றேன், வந்துவிட்டேன்.

சில வருஷம் கழித்து என்னைப் பிடித்துப் பொருளாளர் ஆக்கினார்கள். பழைய ரசீது புக்குகளைக் கட்டிப் பரண்மேல் வைக்கலாம் என்று எடுத்தேன். 1994-லிருந்து 2004 வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் என் பேரில் சந்தா ரசீது இருக்கிறது. நான் கட்டவே இல்லையே! பழைய பொருளாளரிடம் போய்க் கேட்டேன். அவருக்கு அப்போ கண் சரியாகத் தெரியாது. "உன் பக்கத்துத் தோட்டத்துக்காரருதான் உன்னுதையும் சேத்துக் கட்டிட்டுப் போவாரு. மூணு வருசம் கட்டலைன்னா பேரை அடிச்சிருவீங்க, அப்புறம் அவன் திரும்பி வந்தா புதுசாச் சேரணும்னு சொல்லுவாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிருந்தாரு" என்றார்.

ஜப்திக்கு நான் வராத வருஷமும் கட்டியிருக்கிறார். ரசீதில் தேதி இருக்கிறது. அந்த ஜீப் வந்து ரெண்டு மாசம் கழித்து.

அந்த ரசீது புக்கை நான் பரணில் போடவில்லை. இன்றைக்குக் கொண்டு வந்திருக்கிறேன், இதோ. பார்க்கிறவர்கள் பார்க்கலாம்.

அழுகாச்சி வேண்டாம். இதை எதற்குச் சொன்னேன் என்றால், இப்போ எரிந்துபோன டிரான்ஸ்பார்மரில் அவர் மகனுக்கும் ஒரு சர்வீஸ் இருக்கிறது. பத்து ஹெச்.பி. ஓட்டுகிறான். அவனுக்கும் மற்ற மூணு பேருக்கும் ஒரு மாசமாகப் பேச்சு இல்லை. உன்னால்தான் எரிந்தது, உன்னால்தான் எரிந்தது என்று. எனக்கு எப்படி இருக்கும்?

இந்தச் சீக்கு நமக்கு மட்டும் வந்ததல்ல. வடக்கே உத்தரப் பிரதேசத்தில், முசாபர்நகர் பக்கம், பாரதீய கிசான் யூனியன் என்ற சங்கம் இருக்கிறது. மகேந்திர சிங் திகாயத் அவர்கள் வளர்த்த சங்கம். அவர்கள் எழுந்ததும் நம்மைப் போலவே மின் கட்டண உயர்வை எதிர்த்துத்தான். 1987-ல் ஷாம்லியில் மின் நிலையத்தை முற்றுகையிட்டார்கள். அங்கேயும் துப்பாக்கிச் சூடு. செத்த ரெண்டு விவசாயிகளில் ஒருத்தர் இந்து, ஒருத்தர் முஸ்லிம். அவர்கள் கூட்டத்தில் ஹர ஹர மகாதேவ் என்று மேடையில் ஒருத்தர் குரல் கொடுத்தால் அல்லாஹு அக்பர் என்று அடுத்த குரல் வரும், கூட்டம் ரெண்டையும் சேர்த்தே முழங்கும். 1989-ல் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு நீதி கேட்டு, போபா என்ற ஊரில் கால்வாய்க் கரையில் அந்தச் சங்கம் ஒரு மாசத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது. திகாயத் அவர்களுக்கு வலது கை மாதிரி இருந்தவர் குலாம் முகமது ஜவுலா.

அப்படிப்பட்ட சங்கம் 2013-ல் உடைந்தது. முசாபர்நகர்க் கலவரத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். பல ஆயிரம் முஸ்லிம் குடும்பங்கள் ஊரை விட்டு ஓடின. அதில் பெரும்பாலும் கூலிக்காரர்களும் கைத்தொழில்காரர்களும். ஒரே களத்தில் கரும்பு வெட்டியவர்கள்தான் வெட்டிக்கொண்டார்கள். ஜவுலா சங்கத்தை விட்டு வெளியே வந்து தனி அமைப்பு வைத்துக்கொண்டார். நம்ம வரப்புத் தகராறை அதோடு ஒப்பிடுவது தப்பு. நம்முடையது எறும்புக்கடி, அது உயிர்ப்பலி. ஆனால் அவர்கள் திரும்பிச் சேர்ந்தார்கள், அதைக் கவனிங்க. மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020 நவம்பர் 26-லிருந்து டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்தார்களே, அந்தப் போராட்டம் 2021 ஜனவரிக் கடைசியில் கலைகிற நிலைக்கு வந்தது. காசிப்பூரில் போலீசைக் குவித்துவிட்டார்கள். மகேந்திர சிங் திகாயத்தின் மகன் ராகேஷ் திகாயத் டி.வி.யில் கண்ணீர் விட்டார். மறுநாள் ஜனவரி 29-ல் முசாபர்நகரில் பெரும் பஞ்சாயத்து கூடியது. அந்த மேடையில் எண்பது வயதைத் தாண்டிய ஜவுலா ஏறினார். ஏறி, ஒண்ணாகப் போராடுவோம் என்று மட்டும் சொல்லி இறங்கவில்லை. நீங்கள் செய்தது தப்பு என்று ஜாட் விவசாயிகள் முகத்துக்கு நேராகச் சொன்னார். கூட்டம் கூச்சல் போடாமல் கேட்டுக்கொண்டது.

அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. போனது போகட்டும், மறந்துவிடுவோம் என்று அவர் சொல்லியிருந்தால் அந்தச் சேர்க்கை நிலைத்திருக்காது. தப்பைத் தப்பு என்று சொன்னார், அவர்களும் கேட்டார்கள், அதற்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 19-ல் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் அறிவித்தார். டிசம்பரில்தான் விவசாயிகள் ஊர் திரும்பினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ரோட்டில். ஜவுலா 2022-ல் காலமானார்.

ஒரு வருஷம் எப்படி உட்கார்ந்தார்கள்? இங்கே ஒரு நாள் மறியலுக்கே மாடு யார் கறப்பது என்று கேட்கிறோம், கேட்பது நியாயம்தான். அவர்கள் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒரு ஊர், ஒரு டிராக்டர், 15 பேர், 10 நாள். பத்து நாள் முடிந்தால் அடுத்த பதினைஞ்சு பேர். போனவர்கள் காட்டை ஊரில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டார்கள். எங்க அம்மா அடுத்த வீட்டு மாட்டுக்குத் தவிடு காட்டினாங்களே, அதேதான், பெரிய அளவில்.

இனி நம்ம வேலைக்கு வருவோம்.

மொட்டைக் கடுதாசி யார் எழுதியது என்று தேட வேண்டாம். செயற்குழுவில் அப்படித்தான் முடிவு செய்தோம். எழுதியவருக்கும் தண்ணி இல்லை, அந்த ஆத்திரத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் எழுதியது பொய் இல்லை. அதனால் பதினாலு பேரும் போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்தோம். நானே முதலில் சொன்னேன், என் மோட்டார் ஏழரை என்று. அப்புறம் ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். அண்ணன் மகன் கடைசியில், "பத்துங்க, போர் எண்ணூத்தி இருபது அடி, அஞ்சு எடுக்காதுங்க" என்றான். எழுதிக் கூட்டினோம். இப்போ அந்தக் கணக்கை நாமே கையெழுத்துப் போட்டு மனுவோடு இணைத்திருக்கிறோம். உண்மையான லோடு இது, இதற்கு 63 போதாது, 100 கே.வி.ஏ. வைத்துத் தாருங்கள், கூடுதல் லோடுக்குச் சட்டப்படி என்ன கட்டணுமோ சொல்லுங்கள் என்று. இனி டிராயரைத் திறந்து காட்ட அவர்களிடம் எதுவும் கிடையாது. புது டிரான்ஸ்பார்மர் வந்த பிறகு ஏழு பேர் ஒரு முறை, ஏழு பேர் மறு முறை என்று மாற்றி ஓட்டவும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றிவிடுவது என்றும் பேச்சு. அதற்கு ரெண்டு பேர் இன்னும் முனகுகிறார்கள், பேசிக்கொண்டிருக்கிறோம்.

சின்ன வெங்காயம் போட்டு ரெண்டாம் தண்ணிக்குக் காத்திருந்த நாலு பேர் காடு காய்ந்துகொண்டிருந்தது. கிழபுறத்து டிரான்ஸ்பார்மரில் சர்வீஸ் வைத்திருக்கும் ஒரு தம்பி, இவர்களில் ஒருத்தரோடு கோர்ட்டில் தடத்து வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர், முந்நூறு அடி ஓஸ் இழுத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நாலு பேருக்கும் தண்ணி விட்டார். வழக்கு அப்படியே இருக்கிறது, வாய்தா அடுத்த மாசம். அது நடக்கட்டும். தண்ணியும் நடக்கட்டும்.

அப்புறம் சொல்கிறேன் என்றேனே, அந்த விஷயம். எங்களோடு ஜெயிலில் இருந்த கவலைக்காரரின் பேரன் இன்றைக்கு நம்ம உறுப்பினர். ஒண்ணேகால் ஏக்கர் வைத்திருக்கிறான், எரிந்த டிரான்ஸ்பார்மரில் அவனுக்கும் சர்வீஸ். பதினாலு பேரில் இன்னும் அஞ்சு ஹெச்.பி. ஓட்டுகிறவர்கள் மூணு பேர், அதில் அவன் ஒருத்தன். அதாவது டிரான்ஸ்பார்மர் எரிந்ததில் அவன் பங்கு எதுவும் இல்லை, காய்வதில் மட்டும் பங்கு. போன வருஷம் இதே கூட்டத்தில் சாப்பாடு போட்டபோது அவன் இலையை வாங்கிக்கொண்டு புளியமரத்தடியில் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. யாரும் வா என்று கூப்பிடவும் இல்லை. நானும் பார்த்தேன். எனக்கு அந்தச் சிரட்டை ஞாபகம் வந்தது, அப்பவும் எழுந்து போகவில்லை, என் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எழுபது வயசு தாண்டியும் இப்படி இருந்திருக்கிறேன்.

ஜவுலா மேடையில் சொன்ன மாதிரி சொல்ல இங்கே யாரும் இல்லாததால் நானே சொல்றேன். அது தப்பு. இன்றைக்கு மத்தியானம் பந்தியில் அவன் என் பக்கத்தில் உட்காருகிறான், பேசியாகிவிட்டது. முதலில், "இருக்கட்டுங்க" என்றான். ரெண்டாம் தரம் கேட்டதும் வரேன் என்றான். காலனியிலிருந்து இன்னும் ஆறு பேர் வந்திருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் யார் உட்காருகிறீர்கள் என்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். முகம் சுளிக்கிறவர்கள் இப்பவே சொல்லிவிட்டு வீட்டில் போய்ச் சாப்பிடலாம். சந்தாப் பணத்தில் சமைத்தது, எல்லார் சந்தாவும் ஒரே தொகைதான்.

காத்திருப்புப் போராட்டம் வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பம். டிரான்ஸ்பார்மர் இறங்கும் வரைக்கும் எழுவதில்லை. ஊருக்கு எட்டுப் பேர், ரெண்டு ராத்திரி, அப்புறம் அடுத்த எட்டுப் பேர். மற்ற ரெண்டு சங்கத்துக்காரர்களுக்கும் சொல்லிவிட்டோம், அவர்கள் தங்கள் பலகையோடே வரட்டும். எங்க மேடையில்தான் உட்காரணும் என்று யாரும் கேட்க மாட்டோம். பந்தலும் அடுப்பும் ஒண்ணு.

வருகிறவர்கள் போர்வை, தட்டம், டம்ளர், சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரை, எல்லாம் கொண்டு வாங்க. அரிசி பருப்பு வீட்டுக்கு ஒரு படி. தென்னந்தோட்டத்துக்காரர்கள் தேங்காய் போடணும், கணக்கில் எழுதிக்கொள்வேன். மாடு வைத்திருப்பவர்கள், நீங்கள் இல்லாத ரெண்டு நாள் யார் பால் கறப்பார், யார் தீவனம் போடுவார் என்று பேரை எழுதிச் செயலாளரிடம் இன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் வெறும் பேரை மட்டும் கொடுங்க, ஆளை நாங்க பிடித்துத் தரோம். அண்ணன் மகன் வீட்டு எருமை ரெண்டுக்கும் நான் பேர் கொடுத்துவிட்டேன். அதில் ஒண்ணு உதைக்குமாம்.

சோறு ஆறுகிறது, வாங்க.